உருபுகள் தொலைந்த வருடம்

அன்று ஒன்பதாம் வகுப்பில் ஆகுபெயர் நடத்திக்கொண்டிருந்தேன். "டெல்லி ஜெயிச்சிருச்சு என்று சொன்னால் ஜெயித்தது ஊரா, ஊருக்காக ஆடியவர்களா?" என்று கேட்டேன். கிரிக்கெட் என்றதும் கடைசி பெஞ்சு வரை கை தூக்கினார்கள். சரியான பதில் வந்தது. அடுத்து அதைக் குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். "எழுதிக்கோங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"லிக்கோ" என்றேன்.

வகுப்பே சிரித்தது. டெல்லியில் புசா ரோடு பக்கம் இருக்கும் அந்தத் தமிழ்ப் பள்ளியில் என் வகுப்பில் யாராவது இந்தியில் பேசினால், பேசியதைத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து அதுதான் சட்டம். "மேம் இந்தி பேசிட்டாங்க" என்று ஒருத்தி சொன்னாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்; வாயின் வலது பக்கம் ஒத்துழைக்கவில்லை. சரி, சட்டப்படி தமிழில் சொல்லிவிடுவோம் என்று மறுபடி முயன்றேன். மறுபடியும் "லிக்கோ" என்றுதான் வந்தது. கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். என் விரல்கள் அதைப் பிடிக்காமல் திரும்பவும் கீழே விட்டன. அவள் என் முகத்தைப் பார்த்தாள். உடனே பக்கத்து வகுப்புக்கு ஓடினாள்.

அங்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் வந்து என்னைப் பார்த்த மாத்திரத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டார். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். பள்ளி வேனுக்கோ ஆம்புலன்சுக்கோ காத்திருக்காமல் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூளையின் இடப்பக்கம் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள் டாக்டர்கள். நேரத்தோடு வந்ததால் மருந்து ஏற்ற முடிந்தது. உயிர் பிழைத்தேன். நடை பிழைத்தது. வலது கை பாதி பிழைத்தது. பேச்சுதான் பிழைக்கவில்லை.

எனக்கு எல்லாம் புரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியாமல் போனது அதுதான். கட்டிலைச் சுற்றி நின்று, நான் அங்கே இல்லாதது போல என்னைப் பற்றிப் பேசினார்கள். ஒரு நர்ஸ் என் காதருகே வந்து கத்தினாள். காது நன்றாகக் கேட்கிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். காது என்ற சொல்லைத் தேடினேன். அது என்னிடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் போகும் வழிதான் இல்லை.

என் கணவர் அலுவலகத்திலிருந்து நேரே வந்தார். ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எதற்கும் பதறாதவர். அன்று சட்டைப் பையில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

"வலிக்குதாம்மா?" என்றார்.

"நஹி" என்றேன்.

"தண்ணி வேணுமா?"

"பானி" என்றேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொல்கிறேன் என்று நினைத்து அவர் நகர்ந்து வழிவிட்டார். பிறகு மெல்லக் குனிந்து, "என்கிட்ட தமிழ்லயே பேசு" என்றார். நான் தமிழில்தான் பேச முயன்றுகொண்டிருந்தேன்.

இதில் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பாளையங்கோட்டையில் தமிழ் எம்.ஏ. படித்தவள் நான். கல்யாணமாகி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது இந்தியில் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. காய்கறி வண்டிக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாவிடமும் பொறுக்கிச் சேர்த்ததுதான் என் இந்தி. அதில் ஆண்பால் எது, பெண்பால் எது என்று நான் சரியாகச் சொன்னதே கிடையாது. பஸ் பெண்பால் என்பதை இன்றுவரை என் மனம் ஏற்கவில்லை. அந்தப் பொறுக்கின இந்தி, சில்லறை போல நாலைந்து சொல்லாகவாவது கையில் நின்றது. வருடக்கணக்காகப் படித்ததும் பாடம் நடத்தியதும் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் போனேன். முப்பது வயது இருக்கும்; மீரட் பக்கத்துப் பெண். பொறுமைசாலி. அவள் பேசியது இந்தியில். இங்கே தமிழில் தருகிறேன்.

"உங்களுக்கு இப்போது இந்திச் சொற்கள்தான் முதலில் வருகின்றன. அதையே பிடித்துக்கொண்டு மேலே போவோம். ஒரு மொழி நன்றாக நிமிர்ந்து நின்றால் மற்றது பின்னாலேயே வர வாய்ப்பிருக்கிறது" என்றாள்.

"தமிழ்" என்றேன்.

"தமிழும் வரும், ஆன்ட்டி. ஆனால் முதலில்..."

"தமிழ்" என்றேன். இடது கையால் மேசையைத் தட்டினேன். "ஸ்கூல். தமிழ்."

என் கணவர் குறுக்கிட்டு, நான் தமிழ் ஆசிரியை என்பதைச் சொன்னார். அவள் தன் நோட்டை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எப்படிப் பழக வேண்டும் என்று என்னால் சொல்லித்தர முடியும். யார் உங்களோடு உட்காருவார்கள்?"

ஏன் இந்தி மட்டும் நின்றது என்று என் கணவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. தெரியாது என்றாள். சிலருக்குச் சிறுவயது மொழி முதலில் வருகிறது, சிலருக்குத் தினமும் தெருவில் புழங்கிய மொழி, சிலருக்கு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஆளுக்கு ஆள் மாறும் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவளை நம்பலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

என்னோடு உட்கார்ந்தது என் மகள். குர்காவ்னில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. டெல்லியிலேயே பிறந்து, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. பேசும் தமிழும் கால்வாசி இந்தி. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு, குர்காவ்ன் அறையைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டாள். "டென்ஷன் எடுக்காதேம்மா, நான் இருக்கேன்" என்றாள். எடுக்காதே என்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் சரியானது எது என்று சொல்ல என்னிடம் வாய் இல்லை.

பயிற்சி இப்படி: ஒரு படத்தைக் காட்டுவாள், நான் அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சில வாரங்களில் பெயர்ச்சொற்கள் வர ஆரம்பித்தன. கத்தி. ஆப்பிள். அம்மா. ஒவ்வொன்றையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பது மாதிரி இழுக்க வேண்டும், ஆனால் வந்தன. வராதது அவற்றைச் சேர்க்கும் துண்டுகள். "அம்மா கத்தி ஆப்பிள் வெட்டு" என்பேன். யார் எதனால் எதை வெட்டினார்கள் என்று அதில் இல்லை. "ஐ, ஆல், கு, இன், அது, கண்" என்று வேற்றுமை உருபுகளை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அதில் ஒன்றை எடுத்துக் கத்தியோடு ஒட்டச் சொன்னால் முடியாது. பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடத்தில் உருபு என்பது பெயருக்குப் பின்னால் வரும் சின்ன வால். அந்த வால் இல்லாமல் போனால் சொற்கள் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியாக நிற்கும் என்பதை, வாயில் வைத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

ஒரு நாள் பால்கனியில், குளிருக்கு இதமாக வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மகள் அந்த ஆப்பிள் வெட்டும் படத்தை எடுத்தாள். நான் திணறுவதைப் பார்த்து அவளே சொல்லிக்காட்டினாள்.

"அம்மா கத்திலேந்து ஆப்பிளை வெட்டறா."

நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பா? எது தப்பு? ஆப்பிளா?"

இல்லை என்று காட்டினேன்.

"கத்திலேந்து?"

ஆமாம். அதுதான்.

"அப்ப கத்திகூட?" இல்லை. "கத்திக்கு?" இல்லை. "கத்தியில?" கொஞ்சம் யோசித்தேன்; சிலர் அப்படியும் சொல்வார்கள், ஆனால் நான் தேடியது அது இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "கத்தியால?"

உடம்பு முழுவதும் ஆமாம் என்றது. அந்த ஓசை காதில் விழுந்த கணத்தில் என் வாய் அதை எடுத்துக்கொண்டது. "கத்தியால" என்றேன். "கத்தியால வெட்டு." மூன்றாம் வேற்றுமை என்று உள்ளே ஒரு குரல், பழைய வகுப்பறைக் குரல், சொன்னது.

"இரு இரு" என்றாள் மகள். "உன்னால சொல்ல முடியல. ஆனா நான் தப்பா சொன்னா மட்டும் கண்டுபிடிக்கறே. அது எப்படி?"

அந்தக் கேள்வியைப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் அவளே கேட்டாள். சரியான வாக்கியத்தைக் கேட்டு அறிவதும் அதைத் தானாகக் கட்டுவதும் வெவ்வேறு வேலைகள். ஒன்று கெட்டாலும் இன்னொன்று மிஞ்சியிருக்கலாம் என்றாள் அந்தப் பெண். "மிஞ்சியிருப்பதை வைத்துக்கொண்டு போனதைப் பிடியுங்கள்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் முறை அதுதான். மகள் வாயில் வந்ததையெல்லாம் எறிவாள். நான் ஏற்பேன், அல்லது மறுப்பேன். ஏற்றதை உடனே நானும் சொல்வேன். இதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே "லேந்து". கத்தியிலேந்து வெட்டுவாள், பஸ்லேந்து ஆபீஸ் போவாள், அப்பாலேந்து கேட்பாள். இந்தியில் இவை எல்லாவற்றுக்கும் "ஸே" என்ற ஒரே துண்டு போதும். அவள் மனசு அந்த ஒன்றைத் தமிழில் ஒரே சொல்லாக மாற்றி எல்லா இடத்திலும் வைத்திருந்தது. அவள் தப்பில் ஓர் ஒழுங்கு இருந்தது. என் பிழையில் அதுகூட இல்லை, வெறும் ஓட்டை. ஆக, ஓட்டை விழுந்த தமிழும் ஒரே உருபை வைத்து ஒப்பேற்றிய தமிழும் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றையொன்று பழுது பார்த்தன. மாசி மாதத்துக்குள் அவள் அப்பாவிடம் "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினார்.

மாதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எனக்கு மாதங்கள் தனித்தனியாக வராது. இது என்ன மாதம் என்று கேட்டால் சித்திரையில் ஆரம்பித்து வரிசையாக நடந்து வந்து சரியான இடத்தில் நிற்க வேண்டும். சில சமயம் நிற்க முடியாமல் பங்குனிவரை ஓடிவிடுவேன். எண்களும் அப்படித்தான். கடையில் ஏழு எலுமிச்சம்பழம் வேண்டுமென்றால் வாய்க்குள் ஒன்றிலிருந்து எண்ணி ஏழு வந்ததும் அதைச் சத்தமாகச் சொல்வேன். கடைக்காரர் காத்திருப்பார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, அவர் காத்திருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

செவ்வாய்க்கிழமைகளில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவோம். படியேறுவது காலுக்கும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் தரிசனம் முடிந்து வெளியே வருகிறோம். என் இடது கையில் பிரசாதத் தட்டு. மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று இறங்கி வந்து தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு எட்டி உட்கார்ந்தது.

"ஏ மூதி, பழத்தைக் கீழ வைக்கியா இல்லியா?" என்றேன்.

என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சுத்தமான திருநெல்வேலித் தமிழ். பழத்தை என்பதில் இரண்டாம் வேற்றுமை இருக்கிறது, வினைமுற்று இருக்கிறது, அல்லது என்ற தேர்வுகூட இருக்கிறது. நாலு மாதமாக ஒவ்வொரு உருபாகப் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடமிருந்து முழு வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. குரங்கு தோலை உரித்துத் தின்றது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் கணவர், ஆசையாக.

சொல்லப் பார்த்தேன். "குரங்கு... பழம்... கீழ..." என்று நின்றுபோனது.

அவர் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. எனக்கோ அன்று முழுவதும் சந்தோஷம். கோபத்தில் தானாக வருவது வேறு வழியாக வருகிறது, அதை நம்பிப் பாடம் நடத்த முடியாது என்று பயிற்சிப் பெண் பிறகு விளக்கினாள். அது சரிதான். ஆனால் எனக்குத் தேவையான செய்தி கிடைத்துவிட்டது. தமிழ் செத்துப்போகவில்லை. உள்ளே உருபுகளோடு, வினைமுற்றுகளோடு, எங்கள் ஊர் உச்சரிப்போடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வழிதான் அடைபட்டிருக்கிறது. அப்படியென்றால் வேறு வழி வெட்ட வேண்டும், அவ்வளவுதானே.

எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு சாயங்காலம் நடக்கப் போகலாமா என்று கணவர் கேட்டார். நான் உற்சாகமாக, "சரி, நாங்க போலாம்" என்றேன்.

"நாங்களா? அப்ப நான் வரலையா?" என்று சிரித்தார்.

என்ன தப்பு என்று ஒரு கணம் எனக்குப் புரியவே இல்லை. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தடுமாறும் இடம். இந்தியில் இரண்டுக்கும் "ஹம்" ஒன்றே. நான் எத்தனையோ தடவை விளக்கிய பாடம். இப்போது என் காதே அதைப் பிடிக்கவில்லை. கேட்டு மறுக்கும் சக்தியை நம்பித்தான் நான் மலையேறிக்கொண்டிருந்தேன். அதிலும் ஓட்டை உண்டு என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சிரித்ததற்காக வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நாம டீ குடிப்போமா?" என்றார். "நாம நாளைக்கு நடப்போமா? நாம அந்தக் குரங்கைப் போய்ப் பார்ப்போமா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். டீ ஆறிப்போகும்வரை சொன்னோம்.

ஆனால் பள்ளி விஷயத்தில் அவர் என் பக்கம் இல்லை. விடுப்பு முடியப்போகும் சமயத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடலாம்மா. இவ்வளவு பேச்சு வந்ததே பெரிசு. வகுப்புல பிள்ளைங்க முன்னால நீ நின்னு திணறி, அவங்க சிரிச்சு... உன்னால தாங்க முடியாது. என்னாலயும் முடியாது."

"சிரிக்கட்டும்" என்றேன்.

"சொல்றதைக் கேளு."

"கேட்டேன்." அடுத்த சொல் வருவதற்கு நேரமானது. அவர் எனக்காக அதை நிரப்ப வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். "கேட்டேன். ஒத்துக்கலை."

பங்குனியில் பள்ளி நிர்வாகக் குழு என்னை அழைத்தது. ஏப்ரலில் புது வகுப்புகள் தொடங்கும் முன் முடிவெடுக்க வேண்டுமாம். என்ன பேச வேண்டும் என்று மகளும் நானும் தயார் செய்தோம். சுருக்கமான உரை, தப்பில்லாமல் மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்து, தூக்கத்தில் கேட்டாலும் வரும் என்ற அளவுக்கு ஆக்கியிருந்தேன். என் கணவர் எதிர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் அரைநாள் லீவு போட்டு என்னை அழைத்துப் போய், வெளியே வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே முதல்வர் இருந்தார், என்னைவிட இளையவர், என் மேல் மரியாதை உள்ளவர். குழுவிலிருந்து இரண்டு பெரியவர்கள். அவர்களில் ஒருவர் முதலிலேயே அன்பாக ஆரம்பித்துவிட்டார். "நீங்க நல்லா இருந்தாலே போதும்மா. லைப்ரரியைப் பார்த்துக்குங்க. வகுப்பு எதுக்கு? அலைச்சல் வேண்டாம்."

நான் எழுந்து நின்று உரையைத் தொடங்கினேன். "மதிப்பிற்குரிய..." என்று ஆரம்பித்து நன்றாகத்தான் போனது. பாதியில் வராந்தாவில் யாரோ மணி அடித்தார்கள். கவனம் சிதறியது. அவ்வளவுதான். சித்திரை வைகாசி மாதிரி, அந்த உரையையும் தொடக்கத்திலிருந்துதான் எடுக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுபடி "மதிப்பிற்குரிய..." என்று ஆரம்பித்தால் பரிதாபமாக இருக்கும். முதல்வர் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். முகங்களைப் பார்த்தேன். மூவரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கால் உட்காரவில்லை.

"மனப்பாடம் போச்சு" என்றேன். "இப்ப... நானே பேசுதேன்."

அவர்கள் நிமிர்ந்தார்கள்.

"எனக்கு வார்த்தை வரும். லேட்டா வரும். காத்திருந்தா வரும்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "தப்பு வரும். தப்புன்னு... தெரியும். திருத்துவேன். பிள்ளைங்க முன்னாலயே திருத்துவேன். தமிழ் எப்படிக் கட்டுறதுன்னு... பிள்ளைங்க அதைப் பாத்ததில்லை. பாக்கட்டும்." அடுத்ததுதான் கஷ்டமான வாக்கியம். இப்படி ஆனால் அப்படி என்று நிபந்தனை வைத்துச் சொல்ல வேண்டியது. "நான்... சரியா நடத்தலைன்னா... நீங்க என்னை நிறுத்தலாம். நடத்திப் பாக்காமலே... நிறுத்தக் கூடாது."

சாதாரண ஆள் ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிப்பதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமானதோ. யாரும் குறுக்கே பேசவில்லை. லைப்ரரி சொன்ன பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய வகுப்பு தர முடியாதும்மா, பரீட்சை இருக்கு" என்றார், முன்பைவிடக் கறாராக. அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது. வேலைக்கு வருகிறவளிடம் பேசுகிற குரல் அது.

ஆறாம் வகுப்பு கிடைத்தது. தினம் ஒரு பாடவேளை. முதல்வர் வாரம் ஒரு முறை வந்து உட்கார்ந்து பார்ப்பார் என்பது நிபந்தனை. பெரிய வகுப்புகள் புதிதாக வந்த இளம் ஆசிரியருக்குப் போயின. வராந்தாவுக்கு வந்து கணவரிடம் விரலால் ஆறு காட்டினேன். அவர் எழுந்து, என் கைப்பையை வாங்கிக்கொண்டு, "என்ன டயத்துக்கு விடணும்?" என்று மட்டும் கேட்டார்.

முதல் நாள் வகுப்பில், நான் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் கேட்டுவிட்டான். "மேம், நீங்க ஏன் இவ்வளவு ஸ்லோவா பேசறீங்க?"

பக்கத்திலிருந்த பெண் அவனைக் கிள்ளினாள். நான் அவளைத் தடுத்தேன்.

"என் தலையில ஒரு வழி அடைச்சுப்போச்சு" என்றேன். "புது வழி போட்டுக்கிட்டு இருக்கேன்."

"மெட்ரோ மாதிரியா?"

"அதே மாதிரி. தோண்டுறாங்க. லேட் ஆகும்."

அதில் அவர்களுக்கு முழுத் திருப்தி. டெல்லிப் பிள்ளைகள்; தோண்டிய சாலைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள்.

அந்த வகுப்பில் நான் இலக்கண விதியில் தொடங்குவதில்லை. இரண்டு வாக்கியம் சொல்கிறேன், எது காதுக்குச் சரி என்று அவர்கள் சொல்ல வேண்டும். "அண்ணன் எனக்குச் சொன்னான், அண்ணன் என்கிட்டச் சொன்னான்." சண்டை நடக்கும். வீட்டில் தமிழ் குறைவாகக் கேட்பவர்கள் ஒரு பக்கம், அதிகம் கேட்பவர்கள் மறு பக்கம். சண்டை முடிந்த பிறகுதான் அந்த உருபின் பெயரைக் கரும்பலகையில், இடது கையால், கோணல் எழுத்தில் எழுதுகிறேன். சில நாள் எனக்கே சொல் வராமல் நின்றுவிடும். முதலில் பயந்தார்கள். பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிப் பார்ப்பார்கள். நான் தலையாட்டி மறுப்பேன், ஏற்பேன். முதல்வர் வந்து பார்த்த ஒரு நாள், நான் தேடிய சொல் "தாழ்ப்பாள்". நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து கதவு, பூட்டு, கொக்கி, செயின் என்று கத்தி, கடைசியில் ஒரு பெண் பிடித்தாள். முதல்வர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

முழுசாகத் திரும்பவில்லை. களைத்துப்போனால் இன்னும் உருபுகள் உதிர்கின்றன. வலது கையால் கையெழுத்துப் போட முடிகிறது, அவ்வளவுதான். நீளமான வாக்கியம் ஒன்றைத் தொடங்கும்போது அது எங்கே முடியும் என்று எனக்குத் தெரியாது. இந்தியும் இன்னும் முந்திக்கொண்டு வருகிறது. அதை நான் விரட்டுவதில்லை, நன்றி சொல்லி ஓரமாக உட்கார வைக்கிறேன். மகள் மறுபடி குர்காவ்ன் போய்விட்டாள். சனிக்கிழமை வருகிறாள். அவளே கேட்டு, இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுகிறாள். அவள் "லேந்து" முழுசாகப் போய்விடவில்லை, பஸ்ஸில் மட்டும் மிச்சமிருக்கிறது.

எனக்கு இன்னும் கடினமானது போன். எதிரில் முகம் கிடையாது; நான் தேடிக்கொண்டிருப்பது மறுமுனைக்குத் தெரியாது. மௌனமானால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள். அதனால் எல்லா போனையும் கணவரே பேசி வந்தார். போன வாரம், வருஷக் கடைசித் தேர்வு முடிந்ததும், நானே முதல்வருக்குப் போன் செய்தேன். கணவர் பக்கத்து அறையில் டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"வணக்கம். நான்தான் பேசுதேன். வைச்சுடாதீங்க" என்று அதைத்தான் முதலில் சொன்னேன்.

"இல்லை டீச்சர், சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

"இந்தப் பிள்ளைங்க... ஏழாம் வகுப்புக்குப் போறாங்க. அவங்களோட... நானும் போகணும்."

"ஏழாம் வகுப்புக்கு வேற டீச்சர் போட்டாச்சே. குழுவுல பேசணும். யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்றார்.

"யோசிங்க" என்றேன். "நான் லைன்லயே இருக்கேன்."